ஊர் ஏரியும் ஊராரும்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் வாழ்க்கையைச் சீர்திருத்த வேண்டுமென்று எண்ணுவோர் பலர். சாலை, பள்ளி, மருத்துவமனை, மின்விளக்கு என அவர்கள் அடுக்கிக் கூறுவனவெல்லாம் வேண்டற்பாலனவே. ஆயினும் ஓர் ஊரின் சூழலை உள்ளவாறு அறிய விரும்புவோன் முதலிற் காணவேண்டுவது அவ்வூர் ஏரியையே. ஏரிக்கரை உறுதியாயிருப்பின் கிணறு ஊறும், கால்நடை பிழைக்கும், வயல் விளையும். கரை உடைந்து, மதகு தூர்ந்து, வரத்துக்கால் முட்புதராய்க் கிடப்பின், அவ்வூரில் வேறு எத்துணை நலங்கள் அமைந்திருப்பினும் இளைஞர் பிழைப்புத் தேடி நகரத்திற்குப் பேருந்து ஏறுதலைக் காண்கின்றோம். தமிழ்நாட்டில் அரசினர் கணக்குப்படி 39,202 ஏரி குளங்கள் உள. அவற்றுட் பெரும்பாலானவை எந்த வேந்தனும் தனியனாய் நின்று காத்தவை அல்ல. எந்த அதிகாரியும் தனியனாய் நின்று காத்தவையும் அல்ல. ஊரார் கூடிக் காத்தமையாலேயே அவை நமக்கு எஞ்சின.

அங்ஙனம் ஊரார் கூடிக் காத்த முறைக்குக் குடிமராமத்து என்று பெயர். இச்சொல்லே ஒரு சிறு வரலாறு. ‘குடி’ என்பது தூய தமிழ். ‘மராமத்து’ என்பது அரபு மொழியிற் பிறந்து பாரசீகத்தின் வழியாக நம் நாட்டிற்கு வந்தது. பழுது பார்த்தல் என்பது அதன் பொருள். தொழில் பழைமையானதாயினும் பெயர் பிற்காலத்தது என்பது இதனாற் புலனாகும். பெயர் சூட்டியவர் அரசிறை தண்டிய அலுவலர். தொழில் செய்தவர் குடிகள். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால் இக்கட்டுரையிற் பின்னர்க் கூறப்படுவன எளிதில் விளங்கும்.

ஏரி என்பது வெறும் பள்ளமன்று. சரிந்து கிடக்கும் நிலத்தில் மழைநீர் ஓடும் திசைக்குக் குறுக்கே பிறைவடிவாக மண்கரை எழுப்பி நீரைத் தடுப்பதே ஏரி. நீர் வந்து சேரும் வழி வரத்துக்கால். தேங்கிய நீரை அளவறிந்து வயலுக்கு விடும் வாயில் மதகு. அதனை மடை என்றும் தூம்பு என்றும் வழங்குவர். மிகுந்த நீர் கரையை உடைக்காமல் தானே வழிந்து செல்லுமாறு கல்லாற் கட்டப்பட்டது கலிங்கு. கலிங்கில் வழிந்த நீர் வீணாவதில்லை. அது மறுகாலாய் ஓடி அடுத்த ஊர் ஏரிக்கு வரத்தாகின்றது. இவ்வாறு ஓர் ஏரியின் மிகை மற்றோர் ஏரியின் உணவாக, பல ஊர் ஏரிகள் சங்கிலிபோற் பிணைந்து கிடக்கின்றன. ஆகலின் மேலூரார் தம் கலிங்கை ஒரு சாண் உயர்த்திக் கட்டினாலும் கீழூரார் வாடுவர். கீழூரார் தம் கரையை உயர்த்தினால் மேலூரார் வயலில் நீர் தேங்கும். ஏரிச் சண்டைகள் நம் நாட்டில் இத்துணை மலிந்திருப்பதற்கும், ஏரி ஒற்றுமை இத்துணை இன்றியமையாததாய் இருப்பதற்கும் காரணம் ஒன்றே.

குடிமராமத்து வேலைகள் பருவத்தோடு ஒட்டியவை. மாசி பங்குனியில் நீர் வற்றத் தொடங்கும். சித்திரை வைகாசியில் ஏரியின் அடி வெடித்துப் பாளம் பாளமாய்க் கிடக்கும். அப்பொழுது வண்டல் வெட்டுதல் நடைபெறும். அவ்வண்டல் உழவனுக்குச் செலவில்லாத உரம். வண்டி வண்டியாய் ஏற்றித் தன் புலத்திற் பரப்புவான். ஏரி ஆழமாகும், வயல் கொழுக்கும். ஒரு செயலால் இருபயன் விளையும் இம்முறையினும் சிறந்ததோர் ஏற்பாட்டை எந்தப் பொறியியலாரும் வகுத்துவிடவில்லை என்பது நம் துணிபு. ஆடி ஆவணியில் வரத்துக்கால் செதுக்கப்படும். கரைமேல் மழை அரித்த வழிகள் மண்ணிட்டுத் திமிசால் இடித்து நிரப்பப்படும். கள்ளியும் முள்ளும் களையப்படும். மதகின் வாய் தூர் நீக்கப்படும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் இரவுகளில் கரைக் காவல். விளக்கும் மண்வெட்டியுமாய் ஆடவர் கரைமேல் நடப்பர். நண்டு வளையில் நீர் கசிவதைக் கண்டால் வைக்கோலும் மண்ணும் இட்டு அடைப்பர். அன்றிரவு ஒருவன் உறங்கிவிட்டால் மறுநாள் ஊரே நீரில் மிதக்கும்.

இவ்வளவிற்கும் நடுநாயகமாய் நின்றவன் நீர்க்கட்டி. சிலவிடங்களில் நீர்ப்பாய்ச்சி என்றும் அவனை அழைப்பர். மடையைத் திறப்பதும் மூடுவதும், எவ்வயலுக்கு எத்துணை நாழிகை நீர் என்று முறைப்படி விடுவதும், வாய்க்காலில் யாரும் திருட்டு மடை வெட்டாமற் காப்பதும் அவன் தொழில். அறுவடைக் களத்தில் அவனுக்குரிய நெல் அளக்கப்படும். பல ஊர்களில் நீர்க்கட்டிகள் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். தமக்கென ஓர் அடி வயலும் இல்லாதவர். நிலமில்லாதவன் நீரைப் பங்கிடுவதால் தனக்கென்று மடையைத் திருப்ப மாட்டான் என்பதே அவ்வேற்பாட்டின் நுணுக்கம் என்று அறிஞர் சிலர் வியந்து எழுதுவர். நுணுக்கம் உண்மைதான். ஆனால் அவனுக்கு ஏன் நிலமில்லாமற் போயிற்று என்னும் வினாவை அவ்வியப்புக்கிடையே மறந்துவிடுதல் தகாது.

நீர்நிலை காத்தலை நம் முன்னோர் எத்துணை உயர்வாகக் கருதினர் என்பதற்கு நூற்சான்றுகள் உள. பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கிக் குடபுலவியனார் பாடிய புறநானூற்றுப் பாட்டில், பள்ளமான இடங்களில் நீரைத் தேக்குவோரே நிலைத்த புகழெய்துவர் என்னும் அறிவுரை காணப்படுகின்றது. காரியாசான் இயற்றிய சிறுபஞ்சமூலம் குளந்தோண்டுதலை நற்கதிக்குரிய ஐந்து செயல்களுள் ஒன்றாக எண்ணுகின்றது. இவ்விரண்டையும் நம் வகுப்பறையிற் படித்தபொழுது நமக்குத் தோன்றியதொன்று உண்டு. புறநானூறு மன்னனை நோக்கிப் பேசுகின்றது. சிறுபஞ்சமூலம் அறஞ்செய்வானொருவனை நோக்கிப் பேசுகின்றது. குளத்தை வெட்டியபின் ஆண்டுதோறும் அதனைப் பேணுவோர் யாவர் என்பதை அவை கூறவில்லை. அதனை நாம் நூல்களிலன்றிக் கல்வெட்டுக்களிலேயே தேடவேண்டியிருக்கின்றது.

கல்வெட்டுக்களுள் தலையாயது உத்தரமேரூரிலுள்ளது. காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் ஊராட்சி முறையைப்பற்றி இரண்டு தீர்மானங்கள் பொறிக்கப்பட்டன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாச் சிறுவனொருவனைக் கொண்டு எடுப்பித்து, வாரியங்களுக்கு ஆள் தெரிந்தனர். இதுவே குடவோலை. ஆண்டு வாரியத்திற்குப் பன்னிருவர். தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவர். ஏரி வாரியத்திற்கு அறுவர். அவர்களுடைய பதவி 360 நாள் மட்டுமே. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்திலிடலாகாது. அவன் மட்டுமல்லன், அவன் நெருங்கிய உறவினர் பெயரும் ஆகாது. பதினோரு நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இவ்விதியைப் படிக்கும்போது, இன்றைய சங்கங்கள் சிலவற்றின் ஆண்டறிக்கைகள் நம் நினைவுக்கு வருதலைத் தவிர்க்க இயலவில்லை.

ஏரிக்கென்று தனி வருவாயும் இருந்தது. ஏரிப்பட்டி என்னும் பெயரால் நிலம் விடப்பட்டது. அதன் விளைவு ஏரியின் பழுது நீக்குதற்கே செலவாயிற்று. ஓடங்களைக் கொண்டு ஏரியினின்றும் வண்டல் அகற்றுவதற்கு நிலமும் பொன்னும் விட்ட செய்தியைக் கூறும் கல்வெட்டுக்களும் உள. ஆகவே பேணுவதற்குரிய பொருள், பேணுவதற்குரிய ஆள், அவ்வாளை வினவுவதற்குரிய அவை ஆகிய மூன்றும் ஓர் ஊருக்குள்ளேயே அமைந்திருந்தன.

இதனைப் படித்துப் பெருமை கொள்ளுதல் எளிது. நாமும் கொண்டோம். ஆனால் அக்கல்வெட்டையே மேலும் படித்துச் செல்வோமாயின், குடத்தில் எவர் பெயர் இடப்படலாம் என்னும் பகுதி வருகின்றது. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவனாய், தன் மனையிலே வீடு கட்டிக்கொண்டவனாய், 35 வயதிற்கு மேல் 70 வயதிற்குள் உள்ளவனாய், வேதப்பயிற்சி உடையவனாய் இருத்தல் வேண்டும். உத்தரமேரூர் சதுர்வேதிமங்கலம் என்னும் பிராமணரூர். அவ்வூரின் வயிரமேக தடாகத்தில் மண் சுமந்தோரும், மடை காத்தோரும், வண்டல் அள்ளிய ஓடத்தைத் தள்ளினோரும் குடத்தருகே வந்திருக்க இயலாது. பெண்டிரைப்பற்றிச் சொல்லவே வேண்டா. சொல் ஒருசாரார்க்கும் கை மற்றொரு சாரார்க்கும் உரியனவாய்ப் பிரிந்திருந்தன. பழைய ஊராட்சியைப் புகழ்ந்து எழுதுவோர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுவர். இங்குச் சற்று நின்று பார்த்தாலன்றிப் பின்வந்த வரலாறு விளங்காது என்பது நம் கருத்து.

ஆங்கிலேய ஆட்சியில் நேர்ந்த மாறுதல் வேறுவகையானது. தாமஸ் மன்றோ சென்னை ஆளுநராயிருந்த காலத்திற் பரவிய இரயத்துவாரி முறை, அரசினருக்கும் தனித்தனி உழவனுக்கும் நேர்த்தொடர்பை உண்டாக்கிற்று. இடையே நின்ற ஊர் என்னும் அமைப்புத் தளர்ந்தது. ஏரிக்கென விடப்பட்டிருந்த மானியங்கள் பல அரசிறையோடு சேர்க்கப்பட்டன. பொருள் போயிற்று, ஆனால் கடமை மட்டும் போகவில்லை. பெரிய பழுதுகளை அரசினர் பார்ப்பர், சிறிய பழுதுகளைக் குடிகள் வழக்கம்போற் பார்க்கவேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. குடிகள் வாராதபொழுது என் செய்வது? 1858-ஆம் ஆண்டில் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் என்னும் முதலாம் சட்டம் பிறந்தது. வெள்ளக் காலத்திற் கரை காக்க ஊராரைக் கட்டாயமாய் அழைக்கவும், வழக்கமான குடிமராமத்து வேலைக்கு வரமறுத்தவனிடம் அவன் உழைப்பின் மதிப்பைப்போல் இருமடங்கு தண்டவும் அச்சட்டம் இடந்தந்தது.

ஊரார் தாமே கூடி முடிவுசெய்து தம் ஏரியைத் தாமே காக்கும்பொழுது அதற்குக் குடிமராமத்து என்று பெயர். பிறரொருவர் முடிவுசெய்து, வாராவிடின் தண்டம் என்று அழைக்கும்பொழுது அதே மண்வெட்டி, அதே கூடை, அதே கரையாயினும், அதற்குத் தமிழில் வேறொரு பெயர் உண்டு: வெட்டி. கூலியின்றிச் செய்யும் கட்டாய வேலைக்கு அப்பெயர் கல்வெட்டுக் காலத்திலிருந்தே வழங்குவது. ‘வெட்டியாய்த் திரிகின்றான்’ என்று இன்று நாம் பொருளறியாமற் சொல்கின்றோமே, அச்சொல்லின் அடியில் எத்தனை பேருடைய முதுகெலும்பு கிடக்கின்றது என்று எண்ணிப் பார்த்தல் நன்று. சட்டம் இருந்தும் குடிமராமத்து வளரவில்லை. 1876-ஆம் ஆண்டு தொடங்கி மூன்றாண்டு நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் மக்கள் இலக்கக்கணக்கில் மாண்டனர். அதன்பின் 1883-ஆம் ஆண்டில் ஏரிப் புதுப்பிப்புத் திட்டம் தொடங்கி, அரசினர் ஏரிகளை அளந்து செப்பனிட முற்பட்டனர்.

விடுதலைக்குப்பின் ஏரிகளின் பொறுப்பு இருகூறாயிற்று. 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு உடையவை பொதுப்பணித் துறையினிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களினிடமும் இருந்துவந்தன. இரண்டிலும் ஊராருக்கு இடமில்லை. இதற்கிடையில் வேறொன்றும் நிகழ்ந்தது. மின்சாரம் வந்தது, கிணறுகளில் மின்பொறிகள் பொருத்தப்பட்டன, 1990-ஆம் ஆண்டு முதல் உழவர்க்கு மின்சாரம் விலையின்றியே கிடைத்தது. ஆழ்துளைக் கிணறு தோண்ட வல்லவர் ஏரியை நோக்கி நிற்பதை விட்டனர். ஊரில் யாருடைய சொல் செல்லுமோ அவர்களே ஏரியைவிட்டு விலகினமையால், ஏரிக்காகப் பேசுவார் இலராயினர். எஞ்சினோர் கிணறு தோண்டப் பொருளில்லாச் சிறு உழவரும் கூலியாட்களுமே. 1960-61-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் ஏரிப்பாசனம் பெற்ற நிலம் ஏறத்தாழ 9 இலட்சம் ஹெக்டேர். இந்நூற்றாண்டின் பல ஆண்டுகளில் அது அதிற் பாதியளவுக்கே இறங்கிவிட்டது. இதில் நகைப்புக்கிடமான செய்தி ஒன்று உண்டு: ஏரியை மறந்தவருடைய கிணற்றில் ஊறுவதும் ஏரி நீரே. ஏரி தூர்ந்த ஊர்களில் ஆழ்துளைக் கிணறுகள் நூறு அடி, இருநூறு அடி என்று கீழே கீழே போய்க்கொண்டிருக்கின்றன.

அரசினர் இதனை உணராமலில்லை. மதுரையில் தானம் அறக்கட்டளை ‘வயலகம்’ என்னும் பெயரால் ஏரிப்பாசன உழவர் சங்கங்களை அமைத்து வழிகாட்டியது. 2000-ஆம் ஆண்டில் உழவர் பாசன மேலாண்மைக்கெனத் தமிழ்நாட்டிற் சட்டம் இயற்றப்பட்டு, நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் ஏற்பட்டன. 2017-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் காஞ்சிபுரம் மாவட்டத்து மணிமங்கலம் ஏரியில் குடிமராமத்து என்னும் பழம்பெயராலேயே புதியதோர் திட்டம் தொடங்கப்பட்டது. முதற்கட்டத்தில் 100 கோடி ரூபாய், 1,519 வேலைகள். செலவில் நூற்றுக்குப் பத்துப் பங்கை உழவர் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரவேண்டும் என்பது விதி. அவ்வாண்டிலேயே உழவர் ஏரி வண்டலைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது. மாவட்ட ஆட்சியரிடம் பெறவேண்டியிருந்த அவ்வனுமதியை 2024-ஆம் ஆண்டு முதல் வட்டாட்சியரே வழங்கலாமென விதி எளிதாக்கப்பட்டது. பழைய அறிவு திரும்பிற்று என்று மகிழலாம். பல ஏரிகள் உண்மையிலேயே ஆழமாயின. ஆனால் சிலவிடங்களில் சங்கத்தின் பெயரால் ஒப்பந்தக்காரரே வேலை செய்தனர் என்ற குறையும் எழுந்தது. பத்துப் பங்கு கொடுத்ததாகத் தாளில் எழுதிவிட்டால் ஊரார் பங்கேற்றனர் என்று ஆகிவிடுமா?

ஈண்டு நாம் நேரிற் கண்டதொன்றைக் கூறுதல் பொருந்தும். நம் கல்லூரி நாட்டுநலப் பணித்திட்ட மாணவர் ஏழுநாள் முகாமிட்ட ஓர் ஊரில், முன்னொரு கோடையில் பெரும்பொறி கொண்டு ஏரி தூர்வாரப்பட்டிருந்தது. ஏரியின் நடுவே வீடு புதையுமளவு பள்ளங்கள். ஆயினும் ஏரியில் நீரில்லை. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவரை வினவினோம்.

“தாத்தா, இவ்வளவு ஆழமா வெட்டியும் தண்ணி நிக்கலையே?”

“ஆழமா வெட்டினதாலதான் தம்பி நிக்கலை. மேல இருக்கிறது வண்டல். அதுக்குக் கீழ களி. அந்தக் களிதான் சட்டிக்கு அடி மாதிரி. அதை ஒடைச்சு மணல் தெரியுற மட்டும் அள்ளிட்டாங்க. ஓட்டைச் சட்டியில எப்படித் தண்ணி நிக்கும்?”

“நீங்க சொல்லலையா?”

“கேட்டாத்தானே சொல்ல!”

அம்முதியவர் நாற்பதாண்டுகள் அவ்வேரியின் நீர்க்கட்டியாயிருந்தவர் என்பதைப் பின்னர் அறிந்தோம். எவ்விடத்தில் களி எத்தனை முழம், எவ்விடத்தில் வெட்டினால் நீர் மதகிற்குக் கீழே தங்கிப் பாயாது நிற்கும் என்பதெல்லாம் அவர் கால்கள் அறிந்தவை. வேலையின் மதிப்பீட்டைத் தீட்டியவர் அவரைக் கண்டதுமில்லை. ஊராரின் பங்கு என்று சொல்லும்பொழுது நம்மவர் பெரும்பாலும் ஊராரின் முதுகையும் தோளையுமே எண்ணுகின்றனர், அறிவை எண்ணுவதில்லை.

அதே ஊரில், கரையோரத்திற் சீமைக் கருவேல முள் வெட்டிக்கொண்டிருந்த அம்மையார் ஒருவர் கூறியதும் நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. “ஏரி நெறஞ்சா எங்களுக்கும் நல்லதுதான் தம்பி. மாட்டுக்குப் புல்லு, தொவைக்கத் தண்ணி. ஆனா வயலு அவங்களுது, மீனு குத்தகைக்காரருது, மரம் ஏலத்துல எடுத்தவருது. மண்ணு சுமக்கிறது மட்டும் எங்களுது.” ஏரியின் பயன்களை இதனினும் தெளிவாய்ப் பகுத்துரைத்த நூலொன்றை நாம் படித்ததில்லை. ஏரி என்றால் பாசனம், பாசனம் என்றால் ஆயக்கட்டு உழவர் என்று அரசினர் சட்டம் கணக்கிடுகின்றது. 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சங்கங்களும் நிலவுடைமையையே அடிப்படையாகக் கொண்டவை. ஆனால் மீன்பாசிக் குத்தகை, கரைமரம், கோரைப்புல், சூளைக்கும் குயவர்க்கும் உரிய மண், ஆடுமாடுகளின் தண்ணீர் ஆகிய இவற்றால் வாழ்வோர் பலர் ஆயக்கட்டில் ஒரு காணியும் இல்லாதவர். சீமைக் கருவேலத்தை ஒரே நாளில் வேரோடு களையவேண்டுமென நகரத்தில் எழுதுகின்றோம். அம்முள்ளை விறகாய் விற்று அடுப்பெரிப்போர் இருப்பதை நாம் அறிவதில்லை. களைய வேண்டா என்பது நம் கருத்தன்று. களையுமுன் அவர்களையும் கேட்கவேண்டும் என்பதே.

2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடந்த நூறுநாள் வேலையில் தமிழ்நாட்டு ஏரிகள் பல தூர்வாரப்பட்டன. அவ்வேலைக்கு வந்தோரிற் பத்தில் எட்டுப் பேருக்குக் குறையாமல் பெண்டிர். அவர்கள் கூலி பெற்றனர். வெட்டிக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. எனினும் எந்த ஏரியை, எந்த மூலையில், எதற்காக வெட்டுவது என்பதை அவர்களிற் பலர் வேலைக்கு வந்த பிறகே அறிந்தனர்.

அப்படியாயின் சொல்லும் கையும் ஓரிடத்திற் கூடுவதற்கு வழியே இல்லையோ எனின், உண்டு. 1992-ஆம் ஆண்டில் நிறைவேறிய அரசியலமைப்பின் 73-ஆம் திருத்தமும், அதனை ஒட்டி 1994-இல் எழுந்த தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கிராம சபை என்னும் அவையை ஏற்படுத்தின. ஊரின் வாக்காளர் பட்டியலிற் பெயருள்ள ஒவ்வொருவரும் அச்சபையின் உறுப்பினர். கால் வேலி வேண்டா, சொந்த மனை வேண்டா, வேதம் வேண்டா, பதினெட்டு வயது போதும். உத்தரமேரூர்க் குடத்திற்கு வெளியே நின்றோர் அனைவரும் இங்கு உள்ளே இருக்கின்றனர். ஊராட்சியின் வரவுசெலவைக் கேட்கவும், எவ்வேலையை முதலிற் செய்வதென்று தீர்மானிக்கவும் இச்சபைக்கு உரிமை உண்டு. 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஊராட்சிப் பதவிகளிற் பாதி பெண்டிருக்கு ஒதுக்கப்பட்டது.

உரிமை ஏட்டில் ஏறியவுடனே ஊரில் இறங்கிவிடவில்லை. மதுரை மாவட்டம் மேலவளவில், தாழ்த்தப்பட்டோர்க்கென ஒதுக்கிய ஊராட்சித் தலைமைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் அவருடன் இருந்தோரும் 1997-ஆம் ஆண்டு சூன் 30-ஆம் நாள் வெட்டிக் கொல்லப்பட்டனர். அதே மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் 1996 முதற் பத்தாண்டுக் காலம் தலைவர் தேர்தலே முறையாய் நடைபெறவொட்டாமல் தடுக்கப்பட்டது. 2006-இல் தான் அது நடந்தேறியது. ஏரிக்கரைக் கட்டுரையில் இவை எதற்கு என்று அன்பர் சிலர் வினவலாம். ஊரார் கூடி ஊரைத் திருத்துக என்று நாம் எளிதாய்ச் சொல்லிவிடுகின்றோம். ஊரார் என்ற சொல்லுக்குள் அடங்குவோர் யாவர் என்பதற்காகவே உயிர்கள் போயிருக்கின்றன என்பதை அறியாமல் அவ்வாறு சொல்லுதல் தகுதியன்று.

கிராம சபை கூடும் முறையை நம் மாணவர்கள் அறிந்துகொள்ளுதல் நலம். நம்மிற் பலருடைய பெயர் ஏதோ ஓர் ஊரின் பட்டியலில் இருக்கின்றது. 500 பேர் வரையுள்ள ஊராட்சியில் 50 பேரும், 3,000 பேர் வரை 100 பேரும், 10,000 பேர் வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் கூடினால் சபை நிறைவுடையதாகும். நூறு பேர் என்பது ஒரு திருமணப் பந்தியிலும் குறைவு. ஆயினும் வருகைப் பதிவேட்டில் வீடு தேடிச்சென்று கையொப்பம் வாங்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டென்று கேள்விப்படுகின்றோம். ஏரியைப்பற்றி அச்சபையிற் கேட்கத்தக்கவை கடினமானவையும் அல்ல. இக்கோடையில் எவ்வளவு ஆழம் வெட்டப்போகின்றார்கள்? மதகின் அடிமட்டத்திற்கு அது மேலா கீழா? வண்டல் எவர் வயலுக்குப் போகின்றது? மீன்பாசிக் குத்தகை எத்தொகைக்குப் போயிற்று, அத்தொகை எங்கே? வரத்துக்காலை மறித்துக் கட்டியுள்ள சுவர் யாருடையது? கடைசி வினாவைக் கேட்பதற்கு மட்டும் சிறிது துணிவு வேண்டும்.

நெடுங்காலமாய்ச் சபை கூடிவந்த நாட்கள் ஆண்டிற்கு நான்கு: சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2. இவை நான்கும் பொது விடுமுறைகள். 2022-ஆம் ஆண்டு முதல் மார்ச்சு 22 ஆகிய உலகத் தண்ணீர் நாளும், நவம்பர் 1 ஆகிய உள்ளாட்சி நாளும் சேர்க்கப்பட்டன. கோடைத் தூர்வாரலுக்குச் சற்று முன்னர் வருவதால் மார்ச்சு 22 ஏரியைப்பற்றிப் பேசுதற்கு மிகப் பொருத்தமான நாள். ஆனால் அது விடுமுறை நாளன்று. ஏரிக்கரையில் முள் வெட்டிக்கொண்டிருந்த அவ்வம்மையார் அன்று சபைக்கு வரவேண்டுமாயின் ஒருநாட் கூலியை இழந்து வரவேண்டும்; நிலமுடையவர் வீட்டிலிருந்து நடந்து வந்தாற் போதும். தண்ணீர் நாட் சபையை மாலை வேளையிற் கூட்டினால் இக்குறை பெரிதும் நீங்கும். அதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டுவதில்லை. ஊராட்சி விடுக்கும் அறிவிப்பில், நேரம் எழுதும் இடத்தில், ஒரு வரி மாறினாற் போதும்.